குல் டுகாட்: நன்றி கேட்ட கொடுங்கோலன்

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரைப் பார்த்து முடித்தவர்கள் முதலில் பேச வருவது பெரும்பாலும் அதன் நாயகனைப் பற்றி அல்ல, டுகாட்டைப் பற்றித்தான். அவன் உண்மையில் கெட்டவனா, அவனுக்கு அநியாயம் நடந்துவிட்டதா, கடைசி சீசனில் எழுத்தாளர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேள்விகள் சுற்றிச் சுற்றி வரும். அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். கதையின் முடிவு உட்பட எல்லாம் வெளிப்படும். அது வேண்டாம் என்பவர்கள் தொடரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

டுகாட் யார்? தொடரைப் பார்க்காதவருக்கும் புரியும்படி சொல்ல முடியுமா?

1993 முதல் 1999 வரை ஏழு சீசன்களாக ஒளிபரப்பான தொடர் இது. கார்டாசியர் என்ற இனம் பேஜோர் என்ற கிரகத்தை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆக்கிரமித்து வைத்திருக்கிறது. கனிமங்களை அள்ளிச் செல்கிறது, மக்களை முகாம்களில் அடைத்து வேலை வாங்குகிறது, பல இலட்சம் பேரைக் கொல்கிறது. பேஜோர் மக்கள் விடாமல் எதிர்த்துப் போராடியதில், கடைசியில் கார்டாசியர்கள் விலகிப் போகிறார்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் விட்டுச் சென்ற விண்வெளி நிலையத்துக்கு பெஞ்சமின் சிஸ்கோ தளபதியாக வருகிறார். அவருக்கு அடுத்த நிலையில் கீரா நெரிஸ் என்ற பேஜோர் பெண். சிறுவயதிலேயே ஆயுதம் ஏந்தியவள், ஒரு கார்டாசியனைக்கூட மன்னிக்கத் தயாராக இல்லாதவள்.

ஆக்கிரமிப்பின் கடைசி நிர்வாகி டுகாட். 'குல்' என்பது அவனுடைய ராணுவப் பதவி. முதல் அத்தியாயத்திலேயே விருந்தாளிபோலச் சிஸ்கோவின் அறைக்கு வருகிறான். இரண்டு வாரத்துக்கு முன்புவரை இது தன் அலுவலகம் என்றும், மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பழக்கமில்லை என்றும் சொல்கிறான். குரலில் மரியாதை குறைவதே இல்லை. ஏழு சீசன்களுக்குமான டுகாட் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறான்: இழந்தது தனக்கு உரியதுதான் என்பதில் அவனுக்குத் துளியும் ஐயமில்லை, அதை இனிமையாகச் சொல்லவும் தெரியும்.

பிறகு அவன் சில வேளைகளில் சிஸ்கோவுக்கு உதவுகிறான், பதவி இழக்கிறான், டொமினியன் என்ற பேரரசோடு தன் நாட்டைக் கூட்டுச் சேர்த்துப் பதவியை மீட்கிறான், நிலையத்தைக் கைப்பற்றி மறுபடி இழக்கிறான், மகளைப் பறிகொடுக்கிறான், மனம் பேதலிக்கிறான். கடைசியில் தீய ஆவிகளின் அடியாளாகி அழிகிறான்.

அவனைச் சிக்கலான வில்லன் என்று ஏன் சொல்கிறார்கள்?

பெரும்பாலானோர் சொல்லும் காரணம், அவன் நல்லதும் செய்கிறான், கெட்டதும் செய்கிறான் என்பது. மகளைக் காப்பாற்றுகிறான், பழைய சரக்குக் கப்பலை வைத்துக்கொண்டு கிளிங்கன் என்ற இனத்தின் போர்க்கப்பலோடு மோதுகிறான், நகைச்சுவையாகப் பேசுகிறான், குடும்பத்தை நினைத்து ஏங்குகிறான். எல்லாம் உண்மைதான். ஆனால் அது சிக்கல் ஆகாது, கலவை மட்டுமே. எந்தச் சராசரி மனிதனிடமும் அந்தக் கலவை உண்டு.

என் கணிப்பில் அவனுடைய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவன் மிதித்த மக்களிடமிருந்தே அவனுக்கு நன்றி வேண்டும். பயம் போதாது, பணிவும் போதாது. "நீங்கள் எங்களுக்கு நல்லது செய்தீர்கள்" என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். ஆறாவது சீசனின் 'சேக்ரிஃபைஸ் ஆஃப் ஏஞ்சல்ஸ்' அத்தியாயத்தில் டொமினியனின் பிரதிநிதி வேயூனோடு அவன் உரையாடும் காட்சி இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. எதிரியை எதிர்த்தது தவறு என்று அவனையே உணரவைத்து, நம் பெருமையை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் உண்மையான வெற்றி என்கிறான் டுகாட். அதன் பிறகு கொன்றுவிடுவீர்களா என்று வேயூன் கேட்கிறான். தேவைப்பட்டால் மட்டும், என்று பதில் வருகிறது. அதே உரையாடலில், தன்னைப் போன்ற ஒருவன் கிடைத்தது எவ்வளவு பெரிய பேறு என்பது பேஜோர் மக்களுக்குப் புரியவில்லையே என்று வருந்துகிறான். அந்தக் கிரகத்தில் தனக்கு ஒரு சிலையாவது இருக்கிறதா என்று கேட்கிறான். இருக்காது என்றே நினைக்கிறேன், என்கிறான் வேயூன்.

சிரிப்பு வரும் காட்சிதான். ஆனால் டுகாட் சிரிக்கவில்லை. அவனுக்கு அது உண்மையான மனக்குறை.

பெற்ற மகளைக் கொல்லாமல் விட்டானே, அது நல்ல குணம் இல்லையா?

நல்ல குணம்தான். அதை மறுத்தால் தொடரையே மறுத்ததாகிவிடும்.

1995-இல் வந்த 'இன்டிஸ்க்ரிஷன்' அத்தியாயத்தில், ஆறு ஆண்டுகளுக்கு முன் காணாமல்போன ஒரு கைதிக் கப்பலைத் தேடி கீராவும் டுகாட்டும் சேர்ந்து பயணம் செய்கிறார்கள். கப்பலில் கீராவின் நண்பர் ஒருவர் இருந்தார். டுகாட் ஏன் வருகிறான் என்பது பாதி வழியில்தான் தெரிகிறது. டோரா நாப்ரெம் என்ற பேஜோர் பெண் அவனுடைய காதலி, அவள் வயிற்றில் பிறந்த மகள் ஸியால். நாப்ரெம்மின் கல்லறையைக் கண்டு அவன் அழுகிறான். பிறகு, மகள் உயிரோடு கிடைத்தால் கொன்றுவிடப் போவதாகச் சொல்கிறான். ஊரில் மனைவியும் பிள்ளைகளும் பதவியும் இருக்கின்றன. எதிரி இனத்துப் பெண்ணுக்குப் பிறந்த மகள் வெளியே தெரிந்தால் மூன்றும் போய்விடும்.

அதற்கு நடுவே ஒரு சின்னக் காட்சி. பாலைவனத்தில் டுகாட் தெரியாமல் ஒரு முள்ளின்மேல் உட்கார்ந்துவிடுகிறான். வலியில் அவன் துள்ளுவதைப் பார்த்துக் கீரா அடக்க முடியாமல் சிரிக்கிறாள், அவனும் சேர்ந்து சிரிக்கிறான். தன் வாழ்நாள் பகைவனோடு அவள் மனம்விட்டுச் சிரித்த தருணம் அது. மகளைக் கொல்லப் போகிறான் என்ற செய்தி அதன் பிறகு வரும்போது அந்தச் சிரிப்பு நம் தொண்டையிலும் சிக்குகிறது.

கடைசியில் துப்பாக்கியை நீட்டுகிறான். அப்பா ஒருநாள் வந்து மீட்பார் என்று காத்திருந்த ஸியால், உங்களோடு இருக்க முடியாவிட்டால் சாவதே மேல் என்கிறாள். டுகாட் துப்பாக்கியை இறக்கி அவளை அணைத்துக்கொள்கிறான். அதற்கான விலையையும் கொடுக்கிறான். பதவி போகிறது, மனைவி பிள்ளைகளோடு பிரிந்து போகிறாள், சரக்குக் கப்பல் ஓட்டும் வேலைக்குத் தள்ளப்படுகிறான்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஸியாலின் வாயிலிருந்து வந்த சொல். அவள் கெஞ்சவில்லை, குற்றம் சாட்டவும் இல்லை. நீங்கள்தான் என் மீட்பர் என்கிறாள். டுகாட் வாழ்நாள் முழுவதும் ஒரு கிரகத்திடம் எதிர்பார்த்த சொல் அது. ஒரே ஒருத்தி அதை உண்மையான அன்போடு சொன்னாள். அவன் அன்பும் உண்மை, அந்த அன்பு எதனால் திறந்துகொண்டது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடிந்தால்தான் டுகாட் பிடிபடுவான்.

தன் ஆட்சியில் நிலைமையைச் சீர்செய்ததாகச் சொல்கிறானே, அது பொய்யா?

பொய் என்று தொடர் எங்கும் சொல்லவில்லை. அதுதான் நுட்பம்.

1998 ஜனவரியில் வந்த 'வால்ட்ஸ்' அத்தியாயத்துக்குப் போவோம். போர்க்குற்ற விசாரணைக்காக டுகாட்டை ஏற்றிச் செல்லும் கப்பல் தாக்கி அழிக்கப்படுகிறது. ஆளில்லாத ஒரு கிரகத்தின் குகையில் டுகாட்டும், கை எலும்பு முறிந்த சிஸ்கோவும் ஒதுங்குகிறார்கள். டுகாட் அவரைக் கவனித்துக்கொள்கிறான், சமைத்துக் கொடுக்கிறான். உதவி கேட்டுச் சமிக்ஞை போய்க்கொண்டிருப்பதாகச் சொல்கிறான், உண்மையில் கருவி எதையும் அனுப்பவில்லை. வேயூனும், அவனுக்குக் கீழ் வேலை பார்த்த டாமாரும், கீராவும் அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறார்கள். ஒவ்வொருவரும் அவன் மனத்தின் ஒரு குரல். கீராவின் உருவில் வருவது கேலி செய்யும் குரல்.

அவனுக்குத் தேவை ஒன்றே ஒன்று: என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதற்குச் சிஸ்கோவின் பதில். அந்தக் காலத்தில் நான் அங்கே இல்லை, தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று அவர் நழுவுகிறார். டுகாட் விடுவதாயில்லை. நடக்கவேண்டிய நீதிமன்ற விசாரணை குகைக்குள் நடக்கிறது. குற்றவாளிதான் வழக்கறிஞர், கை ஒடிந்த எதிரிதான் நீதிபதி.

அவன் தரும் கணக்கு இது. பொறுப்பேற்ற முதல் நாளே முகாம்களின் உற்பத்தி இலக்கைப் பாதியாகக் குறைத்தேன். குழந்தைகளை வேலை வாங்குவதை நிறுத்தினேன். மருத்துவ வசதியைக் கூட்டினேன், உணவுப் பங்கை உயர்த்தினேன். ஒரே மாதத்தில் முகாம்களில் சாவு இருபது விழுக்காடு குறைந்தது. அதற்குப் பேஜோர் மக்கள் செய்த கைம்மாறு என்ன? என் முதல் மாதம் முடிந்த நாளில் ஒரு விண்தளத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். இருநூறு கார்டாசியர்கள் இறந்தார்கள். ஆகவே எதிர்ப்புப் படையினர் என்று சந்தேகப்பட்ட இருநூறு பேரைப் பிடித்துக் கொன்றேன்.

இந்தக் கணக்கில் எண்கள் சரியாகவே இருக்கலாம். கணக்கு எழுதிய கை யாருடையது என்பதே கேள்வி. முகாமே இருக்கலாமா என்று அதில் எந்த வரியும் கேட்கவில்லை. சாவு இருபது விழுக்காடு குறைந்தது என்றால், மீதி எண்பதுக்கு யார் பொறுப்பு என்ற பத்தியே அந்த ஏட்டில் கிடையாது. இருநூறுக்கு இருநூறு என்ற சமன்பாட்டைச் சொல்லும்போது, தான் நியாயமாக நடந்துகொண்டதாகவே அவன் நம்புகிறான். சந்தேகத்தின்பேரில் பிடித்தவர்கள் என்பதை அவனே சொல்கிறான், ஆனால் அந்தச் சொல் அவனுக்கு உறைப்பதே இல்லை.

சிஸ்கோ மெல்ல மெல்லத் தூண்டிவிடுகிறார். உங்களை ஏன் அவர்கள் பாராட்டவில்லை? அவர்கள் அறியாதவர்கள். உங்களைவிடத் தாழ்ந்தவர்களா? எல்லா வகையிலும். இப்படியே போய், அந்த இனத்தையே ஒருவர் விடாமல் கொன்று, கிரகத்தை இடுகாடாக்கியிருக்க வேண்டும் என்று கத்துவதில் முடிகிறது. நன்றி கிடைக்காது என்பது உறுதியான கணத்தில் கருணை கொலைவெறியாகிறது. இரண்டுக்கும் இடையில் எந்தத் தூரமும் இருக்கவில்லை என்பதைத்தான் அந்த ஒரு மணிநேரம் நமக்குக் காட்டுகிறது.

அத்தியாயத்தின் இறுதியில் சிஸ்கோ, இந்த உலகில் கலப்படமற்ற தீமை என்று ஒன்று உண்டு என்ற பொருளில் பேசுகிறார். எனக்கு அந்த வசனத்தில் உடன்பாடில்லை. குகைக்குள் நாம் பார்த்தது அதைவிட நுட்பமானது. காட்சி வசனத்தைவிட அறிவுள்ளதாக இருக்கிறது.

இது வெறும் கற்பனைதானே? இதற்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு?

சாலை போட்டோம், ரயில் விட்டோம், பள்ளிக்கூடம் கட்டினோம் என்று பேரரசுகள் தங்களைப் பற்றி எழுதிக்கொண்ட கணக்குகளை வாசித்தவர்களுக்கு டுகாட்டின் பேச்சு புதிதாக இருக்காது. அவன் குரல் எந்த ஒரு நாட்டுக்கும் உரியதல்ல. கார்டாசிய முகாம்கள் நாஜி முகாம்களை நினைவூட்டும். படையினருக்காகப் பேஜோர் பெண்களைப் பிடித்துச் சென்ற கதையில், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய ராணுவம் பயன்படுத்திய அதே 'ஆறுதல் பெண்கள்' என்ற பெயரையே தொடரும் பயன்படுத்துகிறது. தென் கொரியாவின் கிம் ஹாக்-சுன் தனக்கு நேர்ந்ததை முதன்முதலாகப் பகிரங்கமாகச் சொன்னது 1991-இல். தொடர் அந்தக் கதையைச் சொன்னது 1998-இல். உலகம் அப்போதுதான் அதைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கியிருந்தது.

கீராவை அவன் ஏன் சுற்றிச் சுற்றி வருகிறான்? காதலா?

அவன் காதல் என்றுதான் நினைத்துக்கொள்கிறான். கீராவுக்கு அருவருப்பு. அவளாக நடித்த நானா விசிட்டர், இந்த இருவரையும் காதலர்களாக்கும் யோசனையைக் கடுமையாக எதிர்த்தார். மிகச் சரியான எதிர்ப்பு. கீரா பேஜோரின் மனசாட்சி போன்றவள். அவள் சம்மதித்தால் கிரகமே மன்னித்ததாக டுகாட் எடுத்துக்கொள்வான். அதனால்தான் அவளைத் துரத்துகிறான்.

'ராங்ஸ் டார்க்கர் தென் டெத் ஆர் நைட்' அத்தியாயத்தில் இது இன்னும் கசப்பாகிறது. கீராவின் தாய் மேருவின் பிறந்தநாளன்று டுகாட் தொலைத்தொடர்பில் வந்து, உன் தாய் என்னோடுதான் வாழ்ந்தாள் என்கிறான். கீரா கடந்த காலத்துக்குப் போய்ப் பார்க்கிறாள். உண்மை. தாய் பிடித்துச் செல்லப்பட்டவள், ஆனால் நாளடைவில் டுகாட்டின் அறையில் வசதியாக இருக்கிறாள். சினத்தில் இருவரையும் சேர்த்துக் கொல்லக் கீரா குண்டு வைக்கிறாள். அந்த நேரம் மேரு ஓர் ஒளிப்பதிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கணவன் பேசுகிறான்: உன்னால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைக்கிறது, அவர்கள் தேறிவிட்டார்கள். மேரு அழுகிறாள். கீரா குண்டைப் பற்றி எச்சரித்துவிடுகிறாள். டுகாட்டும் பிழைக்கிறான்.

டுகாட் தன் ஏட்டில் இதையும் தயையாகவே எழுதியிருப்பான்: ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டேன். சோறு உண்மை, பிள்ளைகள் பிழைத்ததும் உண்மை. அவர்களைப் பட்டினி போட்டதும் அதே கைதான்.

மற்ற கார்டாசியர்களும் இப்படித்தானா?

இல்லை. டுகாட்டை அளக்கச் சரியான அளவுகோல் அவன் இனத்திலேயே இருவர் இருக்கிறார்கள்.

முதல் சீசனின் 'டூயட்' அத்தியாயத்தில் மாரிட்ஸா என்ற முதியவர் நிலையத்துக்கு வருகிறார். காலிடெப் முகாமின் தலைவனாக இருந்த கொடியவன் டர்ஹீல் இவர்தான் என்று கீரா நம்புகிறாள், அவரும் மார்தட்டி ஒப்புக்கொள்கிறார். உண்மையில் டர்ஹீல் செத்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் செய்தியைத் திரையில் தோன்றிச் சொல்பவன் டுகாட்டேதான் என்பது தொடரின் குறும்பு. மாரிட்ஸா அந்த முகாமில் கோப்பு எழுதிய வெறும் எழுத்தர். இரவில் கேட்ட அலறல்களுக்குக் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்ததைத் தவிர ஒன்றும் செய்யாதவர். ஒன்றும் செய்யாததே அவரைத் தின்றுகொண்டிருக்கிறது. கொடியவனின் பெயரில் தூக்குமேடை ஏறினால் தன் நாடு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் என்று நம்பி முகத்தையே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கீரா அவரை விடுவிக்கிறாள். வெளியே வரும்போது ஒரு பேஜோர் ஆள் அவரைக் குத்திக் கொன்றுவிடுகிறான். கார்டாசியன் என்பதே போதுமான காரணம் என்கிறான். இல்லை, போதாது, என்கிறாள் கீரா.

செய்யாத கொலைகளுக்குத் தண்டனை கேட்டு வந்தவர் ஒருவர். செய்த கொலைகளுக்குச் சிலை கேட்கிறவன் ஒருவன்.

மற்றவன் டாமார். டுகாட்டின் கீழ் வேலை பார்த்த விசுவாசி. ஸியாலைத் துரோகி என்று சுட்டுக் கொன்றவனும் அவனே. ஏழாவது சீசனில் டொமினியனுக்கு எதிராகக் கலகம் செய்கிறான். பழிவாங்க அவன் மனைவியையும் மகனையும் டொமினியன் கொல்கிறது. குற்றமற்றவர்களைக் கொல்ல உத்தரவிடுகிறார்களே, இவர்கள் எப்படிப்பட்ட மனிதர்கள் என்று அவன் புலம்புகிறான். பக்கத்தில் நிற்கும் கீரா, ஆமாம் டாமார், எப்படிப்பட்ட மனிதர்கள் என்று திருப்பிக் கேட்கிறாள். அவன் பேசாமல் வெளியே போகிறான். அந்தக் கேள்வி அவனுக்குள் இறங்கிவிட்டது என்பது பிறகு அவன் நடந்துகொள்ளும் விதத்தில் தெரிகிறது. இதே கேள்வியை டுகாட்டிடம் கேட்டிருந்தால் இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்திருக்கும்.

சிஸ்கோ மட்டும் யோக்கியமா?

இல்லவே இல்லை. 'இன் த பேல் மூன்லைட்' அத்தியாயத்தில் போரில் சேராமல் ஒதுங்கியிருந்த ரோமுலன் என்ற இனத்தை டொமினியனுக்கு எதிரான போருக்குள் இழுக்க அவர் போலி ஆதாரம் தயாரிக்கிறார், லஞ்சம் கொடுக்கிறார். அவருக்காக வேலை செய்யும் காரக், ஒரு ரோமுலன் செனட்டரைக் கொன்று காரியத்தை முடிக்கிறான். போரின் போக்கு மாறுகிறது. சிஸ்கோ எல்லாவற்றையும் தன் நாட்குறிப்பில் ஒப்புக்கொண்டு, இதோடு என்னால் வாழ முடியும் என்று தனக்குத்தானே சொல்லி, பதிவையே அழித்துவிடுகிறார்.

குற்றத்தை மறைக்கிறவரைவிட வெளிப்படையாகப் பேசுகிறவன் மேல் இல்லையா என்று சிலர் வாதிடுவதுண்டு. சாமர்த்தியமான வாதம், ஆனால் நிற்காது. மறைக்கிறவருக்கு அது குற்றம் என்று தெரிகிறது. கொல்லப்பட்ட செனட்டரின் நாட்டார் தனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சிஸ்கோ ஒருபோதும் நினைக்க மாட்டார். அவரைக் குற்றவாளி என்று சொல்லலாம், அதில் தவறில்லை. டுகாட்டின் வகை வேறு.

இராவணனோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடத் தோன்றுவது இயல்பே. இருவரும் வீரர், பேச்சில் வல்லவர், குடும்பத்தின்மேல் பற்றுள்ளவர், ஒரு பெண்ணின் சம்மதத்துக்காகக் காத்திருப்பவர். ஆனால் இராவணனின் பெருமையைத் தூதனாக வந்த அனுமனே கண்டு வியக்கிறான். எதிரியின் வாயால் வந்த சான்று அது. டுகாட்டின் பெருமைக்கு டுகாட்டைத் தவிரச் சாட்சி கிடையாது.

எழுத்தாளர்களும் நடிகரும் அவனை எப்படிப் பார்த்தார்கள்?

வேறு வேறு விதமாக. டுகாட்டாக நடித்த மார்க் அலைமோ, தன் பாத்திரத்தைக் கெட்டவனாக எண்ணி நடிக்கவில்லை. அவர் கண்ணில் டுகாட் தன் கதையின் நாயகன். தொடரின் தலைமை எழுத்தாளரான இரா ஸ்டீவன் பேர் என்பவருக்கோ, இரசிகர்கள் அவனிடம் மயங்குவது உறுத்தியது. அவன் எத்தகையவன் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டவே 'வால்ட்ஸ்' உருவானது.

இந்த இழுபறியால் பாத்திரம் கெட்டதாக நான் நினைக்கவில்லை. தன் நியாயத்தை முழுக்க நம்பும் நடிகர், அதை நம்பாத எழுத்தாளர்: டுகாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டணி அமையாது. அலைமோ கண்ணைச் சிமிட்டி, நான் பொய் சொல்கிறேன் என்று நமக்குக் காட்டியிருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும்.

கடைசி சீசனில் அவன் ஆவி வழிபாட்டுக்குப் போனது கதையைக் கெடுத்துவிட்டதா?

பாதி கெடுத்தது. 1998-இல் ஆறாவது சீசன் முடியும்போது 'பா-ரெய்த்' என்னும் தீய ஆவி புகுந்த உடலோடு வந்து, நிலையத்தின் அறிவியல் அதிகாரி ஜாட்ஸியா டாக்ஸைக் கொல்கிறான். 1999-இல் இறுதி அத்தியாயத்தில் நெருப்புக் குகையில் சிஸ்கோவோடு மோதி, அந்த ஆவிகளோடு சேர்ந்து சிறைப்படுகிறான். சிவந்த கண், மந்திர நூல், உலக அழிவு. ஒரு நிர்வாகியின் தீமை, கோப்பும் கையெழுத்தும் கொண்ட தீமை, பேய்க்கதைத் தீமையாகச் சுருங்கிவிட்டது. இருபது விழுக்காடு சாவைக் குறைத்தேன் என்று பேசுகிறவனைக் கண்டு வரும் அச்சம், கண் சிவந்தவனைக் கண்டு வருவதில்லை.

ஆனால் நடுவே 'கவனன்ட்' இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. கைவிடப்பட்ட ஒரு நிலையத்தில் டுகாட் பேஜோர் அடியார்கள் சூழ மதத் தலைவனாக வாழ்கிறான். கடைசியில் ஒரு கிரகத்தின் ஒரு துண்டாவது அவனை வணங்குகிறது! பேஜோர் தம்பதிக்குப் பிறக்கும் குழந்தை கார்டாசிய முகத்தோடு பிறக்கிறது. அதிசயம் என்று அறிவிக்கிறான். குழந்தை யாருடையது என்பது எல்லோருக்கும் புரியத் தொடங்கியதும், அனைவரும் சேர்ந்து நஞ்சு உண்டு ஆவிகளிடம் போவோம் என்கிறான். மாத்திரைகள் வைத்த தட்டைக் கீரா தட்டிவிடுகிறாள். மாத்திரைகள் தரையில் சிதறிக் கலக்கின்றன. டுகாட் பதறிக் குனிந்து தேடுகிறான், ஏனென்றால் அவனுடையது மட்டும் நஞ்சில்லாதது. அடியார்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள்.

டுகாட்டை எனக்குப் பிடித்திருக்கிறது. அது தவறா?

பிடிக்க வேண்டும் என்றுதான் அவனை உருவாக்கியிருக்கிறார்கள். நம்மையும் அவன் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறான், இழுபட்டுப் பார்த்தால்தான் பேஜோரில் சிலர் ஏன் அவனோடு ஒத்துப்போனார்கள் என்பது விளங்கும். ஆக்கிரமிப்பு அவ்வளவு மோசமில்லை என்று வாதாடத் தொடங்கினால் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, யாருடைய வசனத்தைப் பேசுகிறோம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

அவன் திருந்தியிருக்க முடியுமா?

ஸியால் உயிரோடு இருந்திருந்தால் திருந்தியிருப்பான் என்பது பலருடைய நம்பிக்கை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகள் இறந்த பிறகு சிறையறையில் அவனைப் பாருங்கள். இல்லாத மகளோடு பேசுகிறான், உன்னை மன்னித்துவிட்டேன் என்கிறான். நிலையத்தை இழந்தபோது சிஸ்கோ வேண்டுமென்றே மேசையில் விட்டுச்சென்ற பேஸ்பால் பந்து அவன் கையில் இருக்கிறது. அதைச் சிஸ்கோவிடம் நீட்டி, உங்களையும் மன்னித்துவிட்டேன் என்கிறான். மனம் சிதறிய நிலையிலும் மன்னிப்பு அவனிடமிருந்து பிறருக்குப் போகிறது. தனக்கு ஒரு மன்னிப்பு தேவைப்படலாம் என்ற நினைப்பு வருவதில்லை. டாமார் ஒரு கேள்வியில் உடைந்தான். டுகாட் எல்லாம் இழந்தும் உடையவில்லை, அவன் ஏடு மட்டும் பத்திரமாக இருந்தது.

முழுத் தொடரையும் பார்க்க நேரமில்லை. டுகாட்டுக்காக எவற்றைப் பார்க்கலாம்?

மொத்தம் 176 அத்தியாயங்கள் என்பதால் கேள்வி நியாயமானதுதான். முதல் அத்தியாயமான 'எமிசரி'யில் அவன் வரும் காட்சி, பிறகு 'டூயட்'. அங்கிருந்து நான்காவது சீசனுக்குத் தாவி 'இன்டிஸ்க்ரிஷன்', 'ரிட்டர்ன் டு கிரேஸ்' இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஐந்தாவதில் அவன் டொமினியனோடு சேரும் 'பை இன்ஃபெர்னோஸ் லைட்'. ஆறாவது சீசனின் முதல் ஆறு அத்தியாயங்களும் ஒரே கதை, அவற்றைத் துண்டாக்க வேண்டாம். அதன் பிறகு 'வால்ட்ஸ்', 'ராங்ஸ் டார்க்கர்', ஏழாவதில் 'கவனன்ட்', டாமாருக்காக 'டாக்கிங் இன்டு த விண்ட்'. நெருப்புக் குகையைப் பார்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். 'வால்ட்ஸ்' அத்தியாயத்தை மட்டும் முதலில் பார்த்துவிடாதீர்கள். அதற்கு முன் கொஞ்ச காலமாவது அவனை நீங்கள் நம்பியிருக்க வேண்டும்.